பாகூ நகரில் எஞ்சி நிற்பவை



மஃரிபு பாங்கு ஒலிக்கும் முன்னரே அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து, திரியை ஒழுங்காகக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி ஏற்றி வைத்த நம் பாட்டிமார்களை உங்களுள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த எண்ணெயை அவர்கள் 'சீமை எண்ணெய்' என்று அழைத்தார்கள். எந்தச் சீமையிலிருந்து வந்தது அது? அமெரிக்காவிலிருந்து வந்தது, பர்மாவிலிருந்தும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு சீமையிலிருந்தும் வந்தது. காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், அஜர்பைஜான் நாட்டின் தலைநகராக விளங்கும் பாகூ நகரமே அந்தச் சீமை.

அந்த விளக்குகள் இன்று பரணில் ஏறிவிட்டன. ஆயினும் எண்ணெய்க்கும் நமக்குமுள்ள உறவு அறுந்துவிடவில்லை. நம் சமுதாயத்தார் வாழும் பல ஊர்களில் எழுந்து நிற்கும் மாடி வீடுகளும், நடந்தேறும் திருமணங்களும், அரபு நாடுகளில் நம் பிள்ளைகள் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளால் ஆனவை அல்லவா? அப்பொருளின் ஊற்றுக்கண் எண்ணெய்தானே! ஆகவே, எண்ணெயால் உயர்ந்த ஒரு முஸ்லிம் நகரத்தின் கதை நமக்கு அந்நியமானதன்று. வாருங்கள், பாகூவின் வீதிகளில் சற்றே உலவி வருவோம்.

நெருப்பு மண்

பாகூ, காற்றுக்குப் பெயர்போன ஊர். வடக்கிலிருந்து வீசும் காற்று கடலையும் மணலையும் ஒருங்கே கலக்கி எழுப்பும். மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் நுழைந்தால் ஒடுங்கிய கற்சந்துகள், ஹம்மாம்கள், பள்ளிவாசல்கள், கடலை நோக்கி நிற்கும் கன்னிக் கோபுரம் ஆகியவற்றைக் காணலாம். நகரைத் தாண்டினால் மரமோ பயிரோ அதிகமில்லாத உவர் நிலம். இந்த வறண்ட மண்ணுக்கடியில்தான் அல்லாஹு தஆலா கரும்புதையலை வைத்திருந்தான்.

அரபியில் இதற்கு 'நஃப்த்' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி பாகூவின் நஃப்த் ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, இந்த எண்ணெய் எரிக்கப் பயன்படுவதையும், சொறி பிடித்த ஒட்டகங்களுக்குப் பூசப்படுவதையும் குறித்துள்ளார். நகருக்கு அருகிலுள்ள பாலாகானி என்னும் சிற்றூரில் 1594ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று கிடைத்தது. 35 மீட்டர் ஆழமுள்ள எண்ணெய்க் கிணற்றை அல்லாஹ்யார் என்பவர் தோண்டினார் என்று அது கூறுகிறது. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு மனிதக் கைகள் தோண்டிய கிணறு! தோற்பையில் முகந்து, குதிரையைக் கொண்டு இழுத்து மேலேற்றுவார்கள்.

சுராகானி என்னும் இடத்தில் பூமியிலிருந்து வாயு கசிந்து தானாகவே எரிந்துகொண்டிருந்தது. அவ்விடத்தில் 'ஆதஷ்காஹ்' எனப்படும் நெருப்புக் கோயிலொன்று நிற்கிறது. வடஇந்தியாவிலிருந்து வாணிபத்தின் பொருட்டு வந்த இந்துக்களும் சீக்கியர்களும் அங்கு வழிபட்டார்கள். தேவநாகரி, குருமுகி எழுத்துகளில் அமைந்த கல்வெட்டுகளை இன்றும் அங்கே காணலாம். நிலத்தடி வாயுவைப் பெருமளவில் எடுத்ததனால் 1969ஆம் ஆண்டு அந்த இயற்கை நெருப்பு அணைந்தது. இப்பொழுது அங்கே எரிவது குழாய் வழியாக வரும் வாயு. மனிதன் தோண்டத் தோண்ட, அணையாது என்று நினைத்ததும் அணைந்து போயிற்று!

ஏலத்தில் பிறந்த சீமான்கள்

1806ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசு பாகூவைக் கைப்பற்றியது. அதன்பின் எண்ணெய்க் கிணறுகள் அரசாங்கத்தின் உடைமையாயின. அவற்றை ஒருவருக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. குத்தகைதாரருக்குத் தம் தவணைக்குள் கிடைத்த மட்டும் சுரண்டிக்கொள்ள ஆசை இருக்குமேயன்றி, ஆழமாகத் தோண்டவோ புதிய கருவி வாங்கவோ மனம் வருமா?

இந்த முறை 1872ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்பட்டது. எண்ணெய் நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுப் பகிரங்க ஏலத்தில் விடப்பட்டது. பணமுள்ளவர் எவரும் நிலத்தை எடுக்கலாம். தம் பொறுப்பில் தோண்டலாம். எடுத்த எண்ணெயைத் தாமே விற்கலாம். பாகூவின் சுயேச்சை எண்ணெய் உற்பத்தியாளர்களின் வரலாறு இவ்வாறு தொடங்கிற்று. அர்மீனியர், ரஷ்யர், முஸ்லிம்கள் எனப் பலரும் அதில் இறங்கினர்.

அவர்களுள் ஒருவர்தான் ஹாஜி ஜைனுல் ஆபிதீன் தகியேவ். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய வயதில் கொத்தனாருக்குச் சாந்து சுமந்தவர். பின்னர் தாமே கல் செதுக்கும் கொத்தனாராகி, சிறிது சிறிதாகப் பணம் சேர்த்தவர். தம் பெயரைக் கையொப்பமிடுவதற்கு மேல் எழுத்தறிவு அவருக்கு இருந்ததில்லை என்பர்.

1873ஆம் ஆண்டு, நகருக்குத் தெற்கே கடலோரமுள்ள பீபி ஹைபத் என்னுமிடத்தில் கூட்டாளிகளுடன் சேர்ந்து அவர் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே இமாம் மூஸா அல்காழிம் அவர்களின் மகளார் அடக்கமாகியுள்ள தொன்மையான பள்ளிவாசல் இருந்தது. தோண்டினார்கள், எண்ணெய் வரவில்லை. மாதங்கள் ஆண்டுகளாயின, கையிருப்புக் கரைந்தது. கூட்டாளிகள் மனம் சலித்துத் தம் பங்கைத் தகியேவிடமே விற்றுவிட்டு அகன்றனர். அவரோ விடவில்லை. 1870களின் பிற்பகுதியில் ஒரு நாள் பூமி பிளந்து எண்ணெய் வானளாவப் பீறிட்டது. சாந்து சுமந்த சிறுவன் ரஷ்யப் பேரரசின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். வல்ல இறைவன் நாடியவருக்குக் கணக்கின்றி வழங்குகிறான். வழங்கியபின் கணக்கும் கேட்பான்.

சிறியோரும் பெரியோரும்

எண்ணெய் பீறிட்டவரெல்லாம் செல்வரானார் என்று எண்ணிவிட வேண்டாம். 1883ஆம் ஆண்டு பாலாகானியில் 'துருஷ்பா' என்னும் கிணறு வெடித்துப் பீறிட்டது. துருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் நட்பு. நாளொன்றுக்குப் பல ஆயிரம் டன் எண்ணெய் வானில் எழுந்து மணலோடு கொட்டியது. அதை அடக்கும் வழி அதன் உரிமையாளருக்குத் தெரியவில்லை. சேமித்து வைக்கத் தொட்டியுமில்லை. அக்கம்பக்கத்து நிலங்களும் கட்டடங்களும் எண்ணெய் மணலில் மூழ்கின. நஷ்டஈடு கேட்டு அண்டை நிலத்தார் நெருக்கவே, செல்வராக வேண்டியவர் ஓட்டாண்டியானார். நட்பு என்று பெயர் பெற்ற கிணறு உரியவருக்கே பகையாயிற்று!

சிறு உற்பத்தியாளர்களின் உண்மையான இடர் வேறோரிடத்தில் இருந்தது. எண்ணெயை எடுப்பது பாதி வேலை. அதைச் சுத்திகரித்துச் சந்தைக்குச் சேர்ப்பது மறுபாதி. 1873ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் நோபல், துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டிய வாதுமை மரம் தேடி இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் மரத்தை மறந்து சுத்திகரிப்பு ஆலையொன்றை வாங்கினார். பின்னர் நோபல் சகோதரர்கள் பாலாகானியிலிருந்து குழாய் பதித்தனர். மாட்டுவண்டி, குதிரைவண்டிகளில் பீப்பாய் ஏற்றிப் பிழைத்த வண்டிக்காரர்கள் கொதித்தெழுந்தும் பயனில்லாமற் போயிற்று. 1878ஆம் ஆண்டு, எண்ணெயைத் தொட்டியிலேயே ஏற்றிச் செல்லும் 'ஜொராஸ்டர்' என்னும் நீராவிக் கப்பலை அவர்கள் காஸ்பியன் கடலில் மிதக்கவிட்டனர்.

1883இல் பாகூவிலிருந்து கருங்கடல் துறைமுகமான பாட்டூம் வரை இரயில் பாதை அமைந்தது. சிறியோருக்கும் வெளிநாட்டுச் சந்தை திறந்தது என்று மகிழ்ந்தார்கள். ஆனால் 1886இல் பாரிஸ் நகரத்து ரோத்சைல்டு குடும்பத்தார் நுழைந்தார்கள். சிறு உற்பத்தியாளர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கடனுக்கு ஈடாக மண்ணெண்ணெயைத் தங்களுக்கே தரவேண்டுமென ஒப்பந்தம் செய்தார்கள். கடன் வாங்கியவர் விலை பேச முடியுமா? 1892இல் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் பாட்டூமில் மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து, சிங்கப்பூருக்கும் பாங்காக்கிற்கும் சென்றது. ஆசியாவின் வீடுகளில் விளக்கு எரிந்தது. இலாபத்தின் பெரும்பகுதி இலண்டனுக்கும் பாரிஸுக்கும் சென்றது.

1901ஆம் ஆண்டு பாகூ 1 கோடியே 10 லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் எடுத்தது. உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அது. அந்த உச்சத்திலும் சுயேச்சையாளர்கள் ஒவ்வொருவராகத் தம் கிணறுகளைப் பெருநிறுவனங்களுக்கு விற்று வந்தனர். ஹாஜி தகியேவ் காற்றின் திசையை முன்னரே அறிந்துகொண்டார் போலும். 1897இல் தம் எண்ணெய்த் தொழிலை 50 லட்சம் ரூபிளுக்கு ஆங்கிலேயருக்கு விற்று, நெசவாலை கட்டினார். 1912இல் நோபல் நிறுவனம், ஷெல் நிறுவனம், இலண்டனில் அமைக்கப்பட்ட ரஷ்யப் பொது எண்ணெய்க் கழகம் ஆகிய மூன்று பெருங்கூட்டங்களின் பிடியில் பாகூ சிக்கியது. அரசு மாறி உடைமை பறிபோவதற்கு முன்பே சிறியோரில் பலர் களத்தைவிட்டு அகன்றிருந்தனர்.

இந்தச் செல்வத்தின் அடியில் கிடந்தவர்களையும் நாம் மறத்தலாகாது. எண்ணெய்ப் புகையில் கறுத்த கொட்டகைகளில், ஈரானிலிருந்து பிழைக்க வந்த ஏழை முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கிக் கிடந்தனர். 'ஹம்ஷஹ்ரி', அதாவது நம்மூர்க்காரர் என்று அவர்களை அழைத்தார்கள். பெயரில் இருந்த பாசம் கூலியில் இல்லை. 1904ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிலாளர் செய்த பெருவேலைநிறுத்தத்திற்குப் பின்னரே வேலை நேரம் குறைந்தது. அடுத்த ஆண்டே இனக்கலவரம் மூண்டு எண்ணெய் வயல்கள் தீக்கிரையாயின. எண்ணெய்ச் சீமான்களைக் குறையற்ற மாந்தர்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர்கள் ஈட்டியதில் எது நின்றது, எது போயிற்று என்பதைப் பார்ப்பதே நம் பயணத்தின் பயன்.

ஒரு வீதியில் இரு கட்டடங்கள்

பழைய மதிலை ஒட்டிச் செல்லும் இஸ்திக்லாலிய்யத் வீதிக்கு வாருங்கள். அங்கே நீண்ட முகப்புள்ள அழகிய கட்டடம் ஒன்று நிற்கிறது. ரஷ்யப் பேரரசில் முஸ்லிம் பெண்மக்களுக்கென அமைந்த முதல் நவீனப் பள்ளிக்கூடம் இதுவே. எழுத்தறியாத ஹாஜி தகியேவ் கட்டியது!

இதற்கு அவர் பட்ட பாடு சிறிதன்று. அரசாங்கம் நெடுநாள் அனுமதி தரவில்லை. பேரரசியின் பெயரைப் பள்ளிக்குச் சூட்டுவதாக விண்ணப்பித்த பின்னரே இசைவு கிடைத்தது. உள்ளூரிலோ வேறு வகை எதிர்ப்பு. பெண்பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிப் படிப்பதா என்று மார்க்கத்தின் பெயரால் சிலர் முழங்கினர். ஹாஜி அவர்களோடு சண்டையிடவில்லை. புனித மக்கா, மதீனா முதலிய நகரங்களுக்கு ஆளனுப்பி, பெண்கல்வி மார்க்கத்திற்கு உடன்பட்டதே என்று ஆலிம் பெருமக்களின் ஒப்புதலைப் பெற்றுவரச் செய்தார் என்பர். 1901ஆம் ஆண்டு பள்ளி திறக்கப்பட்டது. ஹனீஃபா மலிகோவா என்னும் அம்மையார் அதன் முதல் தலைமையாசிரியை. ஏழைச் சிறுமியர் பலர் கட்டணமின்றி அங்கேயே தங்கிப் படித்தனர்.

மதரஸாவில் பாடம் சொல்லும் எனக்கு இவ்விடத்தில் ஒரு கணம் தலை குனிகிறது. கல்வியைத் தேடுவது கடமை என்று ஓதிக் கொடுப்பவர்கள் நாங்கள். அதை நடைமுறையாக்க, தம் பெயருக்கு மேல் எழுதத் தெரியாத ஒரு கொத்தனாரல்லவா உலகெங்கும் ஆளனுப்ப வேண்டியிருந்தது!

1918ஆம் ஆண்டு டிசம்பரில், புதிதாகப் பிறந்த அஜர்பைஜான் குடியரசின் பாராளுமன்றம் இந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான் கூடியது. இன்று இது சுவடிகள் நிறுவனமாக விளங்குகிறது. அரபு, பார்சி, துருக்கி மொழிகளின் கையெழுத்துச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இங்கே காக்கப்படுகின்றன.

அதே வீதியில் 'இஸ்மாயிலிய்யா' என்னும் மாளிகையையும் காண்பீர்கள். இதைக் கட்டியவர் மூசா நகியேவ். மூட்டை சுமந்து வாழ்வைத் தொடங்கி, எண்ணெயால் பாகூவின் முதற்பெருஞ்செல்வராக உயர்ந்தவர். அவருடைய கஞ்சத்தனத்தைப் பற்றி ஊரில் கதைகள் ஏராளம். அவருடைய மகன் இஸ்மாயில் காசநோயால் இளமையிலேயே இறந்தான். எண்ணிலடங்காச் செல்வம் இருந்தும் அந்த ஒரு மூச்சை வாங்க முடியவில்லை. மகனின் நினைவாக முஸ்லிம் அறச் சங்கத்திற்கென அவர் எழுப்பிய மாளிகை இது. 1918 மார்ச்சில் நடந்த கலவரத்தில் எரிந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்று அறிவியல் அகாதமியின் தலைமையகமாக இருக்கிறது. கஞ்சர் என்று பெயரெடுத்தவரின் கைவிரலையும் துயரம் விரித்துவிட்டது.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். கிணறு தோண்டும் கருவியைத் தாமே திருத்தியமைத்துக் காப்புரிமை பெற்ற முர்தஸா முக்தாரோவ், வடக்கே விளாதிகவ்காஸ் நகரில் தெரெக் ஆற்றங்கரையில் 1908இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஷம்ஸி அஸதுல்லாயேவின் பொருளால் மாஸ்கோ நகர முஸ்லிம்களுக்கென அமைந்த இல்லம், இன்று தாத்தாரியரின் பண்பாட்டு மனையாகப் பயன்படுகிறது.

பாகூ நகரில் எங்கேனும் குழாயைத் திறந்தால் அங்கும் ஒரு வரலாறு உண்டு. எண்ணெய் ஆறாக ஓடிய அந்நகரில் குடிநீருக்குப் பஞ்சம். கடல்நீரைக் காய்ச்சி வடித்தும், கப்பலில் கொண்டுவந்தும் குடித்தார்கள். வடக்கே மலையடிவாரத்திலுள்ள ஷொல்லார் ஊற்றிலிருந்து நீர் கொணர வேண்டுமென்று நகர மன்றத்தில் விடாது வாதாடியவர்களுள் ஹாஜி தகியேவ் முதன்மையானவர். ஆய்வுப் பணிக்குத் தம் பொருளையும் தந்தார். ஆங்கிலப் பொறியாளர் லிண்ட்லியின் திட்டப்படி, சுமார் 180 கிலோமீட்டர் கடந்து 1917ஆம் ஆண்டு அந்நீர் நகரை வந்தடைந்தது. இன்றும் அவ்வூற்று பாகூ மக்களின் தாகம் தீர்க்கிறது.

மர்தகானில் ஒரு மண்ணறை

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் செம்படை பாகூவுக்குள் நுழைந்தது. கிணறுகள், ஆலைகள், மாளிகைகள் அனைத்தும் பறிமுதலாயின. முக்தாரோவ், தம் மாளிகைக்குள் புகுந்த படையினரை எதிர்த்து அங்கேயே உயிரிழந்தார். அந்த மாளிகையில் இன்று திருமணங்கள் நடைபெறுகின்றன. பலர் பாரிஸுக்கும் இஸ்தான்பூலுக்கும் ஓடினர். ஹாஜி தகியேவ் ஓடவில்லை.

புதிய ஆட்சியின் தலைவராக அமர்ந்தவர் டாக்டர் நரிமான் நரிமானோவ். ஏழை மாணவராக இருந்த அவர் மருத்துவம் பயில ஒருகாலத்தில் பொருளுதவி செய்தவர் யார் தெரியுமா? ஹாஜி தகியேவ்தான்! அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. நகருக்கு வெளியே மர்தகான் என்னும் ஊரிலுள்ள வேனில் இல்லத்தில் முதியவர் தங்கியிருக்க அனுமதித்தார். பேரரசின் பெருஞ்செல்வருக்கு இறுதிக் காலத்தில் நிழல் தந்தது எண்ணெய்க் கிணறன்று. ஒரு மாணவனுக்குக் கொடுத்த படிப்புச் செலவு.

1924 செப்டம்பர் 1ஆம் நாள் ஹாஜி அங்கேயே வஃபாத் ஆனார். தாம் மதித்த அபூதுராப் என்னும் ஆலிமின் காலடியில் தம்மை அடக்க வேண்டுமென அவர் வஸிய்யத் செய்திருந்தார் என்பர். அவர் மண்ணறை மர்தகானில் உள்ளது. நகரின் நடுவிலுள்ள அவருடைய மாளிகை இன்று தேசிய வரலாற்று அருங்காட்சியகம். பீபி ஹைபத் பள்ளிவாசலை 1936இல் கம்யூனிஸ்டுகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்; நாடு விடுதலையடைந்தபின் 1990களில் மீண்டும் கட்டப்பட்டு, இன்று அங்கே தொழுகை நடைபெறுகிறது.

நமக்கென ஒரு கேள்வி

பாகூவில் இன்றும் எண்ணெய் எடுக்கிறார்கள். அரசாங்க நிறுவனமும் அந்நியப் பெருநிறுவனங்களும் ஆழ்கடலில் எடுக்கின்றன. ஏலத்தில் நிலமெடுத்துத் தம் கையால் தோண்டிய அந்தச் சுயேச்சைச் சீமான்களின் காலம் முடிந்துவிட்டது. அவர்களுடைய கிணறுகள் அவர்கள் பெயரில் இல்லை. மாளிகைகள் அவர்கள் மக்களிடம் இல்லை. ஆனால் பெண்பிள்ளைகள் படித்த கட்டடம் நிற்கிறது, தொழுகைக்கெனக் கட்டியது நிற்கிறது, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மரணத்திற்குப் பின்னும் மனிதனைத் தொடரும் அறங்களைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பாகூ நகரம் அந்த அருள்மொழிக்குக் கல்லாலும் நீராலும் எழுதப்பட்ட விரிவுரையாக எனக்குத் தோன்றுகிறது.

அன்பர்களே! நம் இல்லங்களுக்கும் எண்ணெய்ப் பணம் வந்தது, வருகிறது. அது என்றென்றும் வருமென்று யார் உறுதி கூற முடியும்? பூட்டிக் கிடக்கும் சலவைக்கல் வீடுகளையும், ஒரே இரவில் கரையும் விருந்துகளையும் நாம் எழுப்பிக்கொண்டிருக்கிறோமா? அல்லது நம் தெருவிலுள்ள ஏழை மாணவி ஒருத்தியின் படிப்புச் செலவை ஏற்றிருக்கிறோமா? கோடி வேண்டாம்; ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணம் போதும், தொடங்குவதற்கு. இந்த இதழை மூடி வைக்குமுன் உங்கள் இல்லத்தாரோடு அமர்ந்து இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும், நம் செலவை நிலைத்த நன்மையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.